பஸ்ல போலாங்க மாப்ள

மொதல்ல என்ற பனியன உடுங்க மாப்ள. வந்ததும் வராததுமா, "நல்லா இருக்கறீங்களா மாமா"ன்னு ஒரு வார்த்தை இல்ல, கீழ்மடிப்பத் திருப்பி வெச்சுத் தையல எண்ணறீங்க. காதர்பேட்டைல செகண்ட்ஸக் குமிச்சு வெச்சு விப்பாங்களே, அதுல அள்ளுனது. கக்கத்துல ஒரு ஓட்டை இருக்குது, எனக்கும் தெரியும். வேத்தா காத்து வரட்டும்னு உட்டு வெச்சிருக்கறன்.

ஒக்காருங்க. அந்தக் கட்டல்ல வேண்டாம், கயிறு தொங்கிப் போச்சு, உள்ள போனா உங்களத் தூக்க ரண்டாளு வேணும். திண்ணைலயே ஒக்காருங்க. மோரு வருது.

போன மாசம் ஒரம்பரைக் கல்யாணத்துல என்ன கூத்துப் பண்ணுனீங்க? பந்தில பக்கத்து எலைல ஒக்காந்திருந்த பொடுசோட டீ-சர்ட்டக் கழுத்தோட புடிச்சு, காலர் ரிப்ப இழுத்து இழுத்து உட்டுப் பாத்தீங்க. அது பாயாசத்தக்கூடத் தொடாம எந்திரிச்சு ஓடி, "ஆரோ ஒரு தாத்தா என்னயத் திருப்பித் திருப்பிப் பாக்கறாரு"ன்னு அவங்கம்மாகிட்ட அழுவுது. பொண்ணூட்டுக்காரன் என்னயப் பாக்கறான். நான் வெத்தலத் தட்டப் பாத்துக்கிட்டன்.

ஒண்ணு சொல்றனுங்க. மூக்கொழுகிட்டு என்ற தோள்ல ஒக்காந்து சென்னிமலைத் தைப்பூசத் தேர் பாத்த பயதான் நீங்க. தேரு நெலை சேர்றதுக்குள்ள என்ற சட்டை நனைஞ்சு போனதும் உண்டு. என்ற புள்ளையக் கட்டுன அன்னைக்குத்தான் "நீ" போயி "நீங்க" வந்துச்சு. மருமவனுக்கு உண்டான மருவாதி. இன்னைக்கி ஒரு பொழுதுக்கு அந்த மருவாதியக் கழட்டி அதா அந்த ஆணில மாட்டிர்றன். பேசி முடிச்சதும் எடுத்துப் போட்டுக்கலாம். கோவிச்சுக்க மாட்டீங்களே? சரி. இனி நீ.

உனக்கு வந்திருக்கறது என்னன்னு இந்த ஊர்ல ஆளுக்கொரு பேரு வெச்சிருக்கறாங்க. கண்ணு பட்டுப் போச்சுங்கறா உன்ற அத்தை. ஏழரைச் சனிங்கறாரு மேக்காலத் தோட்டத்துக்காரரு. டீக்கடைல ஒருத்தன் "காசு தின்னு செரிக்காத சீக்கு"ங்கறான். எப்பவோ உங்கிட்ட வேலை கேட்டு வந்திருப்பான் போலிருக்குது. என்ற புள்ளதான் ஒரு பேரும் வெக்கல. போனப் போட்டு அழுதா. "அப்பா, விடியக்காலம் மூணரைக்கே எந்திரிச்சுக்கறாரு. லைட்டக்கூடப் போடாம ஹால்ல ஒக்காந்திருக்கறாரு. சோத்தப் போட்டா பெசஞ்சுக்கிட்டே இருக்கறாரு, வாய்க்குப் போறதில்ல. என்னங்கன்னு கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு."

அவ சொல்லோணும்னு இல்ல. உன்ற சட்டையே சொல்லுது. தோள்பட்டை ரண்டு வெரக்கடை எறங்கிக் கெடக்குது. அளவு இத்தன தப்பா வந்தா பையர்காரன் கண்டெய்னரோட திருப்பி அனுப்ப மாட்டானா?

நம்ம காங்கேயங் காளை இருக்குதே, பொறக்கறப்ப செவலை. ஆறு மாசத்துல மயிலையாவும். பூச்சிக்காளையா வளந்துச்சுன்னா திமிலும் தோளும் கருகருன்னு வரும், பாத்தா ரண்டடி தள்ளித்தான் நிப்ப. அதயே காயடிச்சா அந்தக் கருப்பு வெளுத்துப் போவும். நீ மவங்கிட்டக் கம்பெனியக் குடுத்துட்டு வந்த அன்னைக்கு உன்ற தோளத்தான் பாத்தன். வெளுத்துப் போச்சு. சிரிக்கற பாரு! அப்பாடா, இன்னும் பல்லு இருக்குது. ஆனா காயடிச்ச எருதுதான் மாப்ள பத்து வருஷத்துக்கு வண்டி இழுக்குது, ஏரோட்டுது. பூச்சிக்காளை தின்னுட்டு முட்டத்தான் தெரிஞ்சுது.

1986-ல பி.என். ரோட்டுல ஒரு ஓட்டுச் சாளைல நாலு மிசினோட ஆரம்பிச்ச. நானும் ஒரு அண்டா வாங்கிக் குடுத்தன், டெய்லருகளுக்குத் தண்ணி வெக்க. 38 வருஷம். கோட்டா போனப்ப தாங்குன, நோட்டு செல்லாதுன்னப்ப தாங்குன, ஜி.எஸ்.டி. வந்தப்ப தாங்குன, கொரோனால வடக்கத்திப் பசங்க நடந்தே ஊருக்குப் போறம்னு கெளம்புனப்ப சோத்தப் போட்டு நிறுத்தி வெச்ச. அதயெல்லாம் நான் நையாண்டி பண்ண மாட்டன். 2024 தைல மவங்கிட்டச் சாவியக் குடுத்த. அங்கதான் ஆரம்பிக்குது கூத்து.

சாவியக் குடுத்தவன் மறுநாக் காத்தால எட்டு மணிக்கு அங்க என்ன பண்ணறான்? மவன் நல்ல பையன், என்ற பேரனாச்சே, ஒரு ரூம்ப ஒதுக்கி "சேர்மன்"னு பலகை மாட்டிட்டான். நீ போயி ஒக்காந்துக்கற. ஏ.சி. ரிமோட்டு மட்டும் உன்ற கைல. ஒருக்கா நான் அங்க வந்திருந்தப்ப பாத்தன். மேனேஜரு வாரான், எந்திரிச்சு நின்னு வணக்கம் வெக்கறான், வெச்சுட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன்ற மவன் மூஞ்சியப் பாக்கறான். கட்டிங் மாஸ்டருகிட்ட நீ ஒரு கணக்குக் கேட்ட. "சின்னவருகிட்டச் சொல்லிட்டனுங்க ஐயா"ன்னான். அதுல மருவாதிக் கொறச்சல் ஒண்ணுமில்ல. ஆனா உனக்குத் தொண்டைல முள்ளு நின்னாப்புல இருந்துச்சு. மூணு மாசத்துல நீயே போறத நிறுத்திக்கிட்ட. ஊட்டுல ஒக்காந்தும் மாசம் ஒண்ணாந்தேதி ஆனா நூல் வெல பாக்கற, 30-ம் நம்பரு எத்தன, 40-ம் நம்பரு எத்தனைன்னு. வாங்கப் போறயா?

உனக்கு எது போச்சுன்னு எனக்குத் தெரியும். சனிக்கெழமைச் சாயங்காலம். ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு, ஓவர்லாக் காரன், பேட்லாக் காரன், கைமடிப் பசங்க, செக்கிங் பொம்பளைகன்னு வரிசையா நிப்பாங்க. நீ கவரு கவரா எடுத்து, பேரச் சொல்லிக் கூப்புட்டு, "புள்ளைக்குக் காச்ச உட்டுச்சா"ன்னு கேட்டுக் குடுப்ப. இப்ப பூராவும் பேங்குக்குப் போயிருது. உன்ற மவனக் கொற சொல்ல முடியாது, காலம் அப்படி. ஆனா பேரச் சொல்லிக் கூப்படறதுக்கு உனக்கு ஆளில்லாமப் போச்சு.

2025 ஆகஸ்ட்டுல அமெரிக்காக்காரன் நம்ம சரக்குக்கு 50 சதம் வரி போட்டான் பாரு. திருப்பூரே தலைல கைய வெச்சுது. அன்னைக்கி உன்ற மூஞ்சில மட்டும் ஒரு வெளிச்சம். சும்மா சொல்லாத, நான் பாத்தன். குளிச்சு, சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு, போனப் பக்கத்துல வெச்சுட்டு ஒக்காந்திருந்த. "அப்பா, என்ன பண்ணலாம்"னு மவன் கூப்புடுவான்னு. அவன் கூப்புடல. அவனுக்கு ஒரு கன்சல்டண்டு இருக்கறான், ஆடிட்டரு இருக்கறான். சாயங்காலம் வரைக்கும் அந்தச் சட்டையோடயே இருந்தயாம். அன்னைக்கி ராத்திரிதான் மொத மொதல்ல ரண்டு கிளாசு நாலாச்சுன்னு என்ற புள்ள சொன்னா.

அந்தக் கிளாசப் பத்தி ஒண்ணு. அது தூக்கம் குடுக்குதுன்னு நீ நெனைக்கற. அது கந்துவட்டிக்காரன். பத்து மணிக்குத் தூக்கத்தக் கடனாக் குடுக்கறான், மூணரை மணிக்கு வந்து கதவத் தட்டி வட்டியோட எடுத்துட்டுப் போயிர்றான். வட்டிக் கணக்கு உனக்கா தெரியாது?

அப்பறம் தோட்டம் வாங்குன. அட சாமி! நாலேக்கரா, இயற்கை வெவசாயம், வாஸ்துப்படி கேட்டு, கேட்டுல ரண்டு சிங்கம். காவலுக்கு இருக்கற மசையங்கிட்ட தெனமும் புரடக்சன் ரிப்போர்ட்டு கேட்டயாம். கத்திரிச்செடி முன்னால நின்னுக்கிட்டு "பதினஞ்சாந்தேதிக்குக் குடுத்துர முடியுமா"ன்னு கேட்டயாம். செடி என்ன சொல்லுச்சு? முருங்கை ஒண்ணு காய்க்கலீன்னு பதிலுக்கு வேற வெக்கச் சொன்ன. நான் அறுவது வருஷமா மண்ணுல கெடக்கறன் மாப்ள, இதுவரைக்கும் ஒரு தட்டப்பயறுக்குக்கூட டெபிட் நோட்டுப் போட்டதில்ல.

ஊட்டுக்குள்ள நடக்கறது இன்னும் மோசம். தோசை ஓரம் வட்டமா வரலீங்கறயாம். கேஸ் சிலிண்டரு போன மாசம் முப்பத்தாறு நாளு வந்துச்சு, இந்த மாசம் ஏன் முப்பத்தொண்ணுங்கறயாம். அந்தப் புள்ள 36 வருஷமா அந்த அடுப்படிய ஆண்டுக்கிட்டு இருக்கறா. நீ பேக்டரியே கதின்னு கெடந்த காலத்துல புள்ளைக பரீட்சை, உங்கம்மா படுத்த படுக்கை, ஒரம்பரை, நோம்பி எல்லாத்தையும் ஒத்தையாளாத் தள்ளுனவ. இப்ப போயி அவளுக்கு ஆடிட்டு வெச்சா கரண்டியால போடாம இருக்கறாளே, அதுக்கு என்ற வளப்பத்தான் மெச்சோணும்.

கோயில் கமிட்டிக்குத் தலைவரா வரச் சொல்லி ஆளு வந்ததாக் கேள்விப்பட்டன். போயிராத. ஆறே மாசத்துல சாமிக்கு டார்கெட் வெச்சுருவ.

சரி, மோரக் குடி. உப்புக் கம்மியா? இந்தப் பக்கத்துத் தண்ணிக்கு உப்பே போட வேண்டியதில்ல. அது உங்க கம்பெனிக உபயம்.

மொகத்தத் திருப்பாத. இந்தக் கதையச் சொல்லத்தான் உன்னய வரச் சொன்னன். 1992-ல ஒரத்துப்பாளையத்துல அணை கட்டுனாங்க, பாசனத்துக்குன்னு. நாங்களும் கெடா வெட்டினம். கொஞ்ச வருஷத்துலயே நொய்யல்ல வந்து நின்னது பூராவும் திருப்பூர்ச் சாயத்தண்ணி. வெள்ளைக்காரன் வர்ற வருஷம் என்ன கலர்ல சட்டை போடப் போறான்னு லண்டன்ல இருக்கறவனுக்கு முன்னால எங்க வாய்க்காலுக்குத் தெரியும். கெணத்துல எறைச்சா நொரை தள்ளும். தென்னைக்குக் குருத்து வாடுச்சு. எருமை தொட்டில வாய வெச்சுட்டுத் தலைய உதறிட்டுப் போவும். நெல்லு போச்சு, மஞ்ச போச்சு, கடைசில கம்பு கூட வெள்ளையாப் பூத்துக் கருகுச்சு. 2001 சித்திரைல கண்ணபுரம் சந்தைக்குப் போயி ஜோடி எருத வித்துட்டு, வெறுங் கவுத்தச் சுருட்டிக் கக்கத்துல வெச்சுட்டு நடந்து வந்தன். அப்ப எனக்கு வயசு 54. எனக்கு ஆரும் சால்வை போடல. ஆனா அதுதான் என்ற ரிட்டயர்மெண்டு.

அந்த வருஷம் நீ புது பில்டிங்கு கட்டிக்கிட்டு இருந்த. எனக்கு மேலுக்கு முடியலீன்னு தாக்கல் வந்ததும் ஒரு ஏர்கூலர் வாங்கி அனுப்பிச்ச. மாமன் வெக்கைல வாடறாருன்னு நெனச்சுக்கிட்ட. நான் ரண்டு மாசம் அதோ அந்தக் கட்டல்லதான் கெடந்தன். விடியக்காலம் மூணு மூணரைக்கு முழிப்பு வந்துரும், எருதுக்குத் தீவனம் போட்ட நேரம். எந்திரிச்சு வெறுங் கட்டுத்தறியப் பாத்துட்டு நிப்பன். உங்கத்தை ஊருக்கெல்லாம் மஞ்சக்காமாலைன்னு சொல்லி வெச்சா. கீழாநெல்லி அரைச்சு அரைச்சுக் குடுத்தாங்க, மூணு ஊருப் பொம்பளைக. காமாலையே இல்லாதவன் அத்தனையும் குடிச்சிருக்கறன்.

அப்பறம் என்ற சேக்காளி ஒருத்தன், ரிட்டயர்டு வாத்தியாரு, தோள்ல கையப் போட்டு "வா பல்லு புடுங்கிட்டு வரலாம்"னு கூட்டிட்டுப் போனான். போனா கவர்மெண்டாஸ்பத்திரில மனநலப் பிரிவு. திரும்பி ஓடப் பாத்தன். வேட்டி அவன் கைல. உள்ள ஒரு சின்னப் பையன், டாக்டராம், மீசை கூடச் சரியா மொளைக்கல. என்னயப் பாத்து, "எத்தன ஏக்கரா வெச்சிருந்தீங்க"ன்னு கேட்டான். வெச்சிருந்தீங்கன்னு. எனக்கு அழுகை வந்துருச்சு மாப்ள.

நீங்க எல்லாம் ரத்தக்கொதிப்பு மாத்தரைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தீங்களே, அந்த வெள்ளை மாத்தர, அது கொதிப்புக்கு இல்ல. ஒரு வருசத்துக்குப் பக்கமாத் தின்னன். என்ற புள்ளைக்கே இன்னைய வரைக்கும் தெரியாது. நீ போயிச் சொல்லு, பரவால்ல.

2011 ஜனவரிக் கடைசில ஐகோர்ட்டு 700-க்கு மேல சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப, நாயப்படி நான் ரண்டாம் பொங்கல் வெச்சிருக்கோணும். எங்காளுக கோர்ட்டு கோர்ட்டா ஏறி வாங்குன தீர்ப்பு. அன்னைக்கி நீ வந்து இதே திண்ணைல ஒக்காந்த. துணி பூராவும் சாயத்துக்கு நிக்குது, ஷிப்மெண்டு போவாதுன்னு சொன்ன. உன்ற மூஞ்சியப் பாத்துட்டு அடுப்பப் பத்த வெக்கல. எருத வித்துட்டு வந்தவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியுமே.

அந்தப் பையன் டாக்டரு சொன்னதச் சொல்றன், என்ற வாயில வந்த மாதிரி. ரண்டு வாரத்துக்கு மேல தெனமும் மனசு கீழயே கெடந்தா, புடிச்சது எதும் புடிக்காமப் போனா, தூக்கமும் சோறும் கெட்டா, அது சோம்பேறித்தனமும் இல்ல, திமிரும் இல்ல, சீக்கு. சர்க்கரை மாதிரி, கொதிப்பு மாதிரி. மொதல்ல ரத்தம் எடுப்பாங்க. தைராய்டு மட்டுப்பட்டாலும், பி-12 கொறஞ்சாலும் ஆளு இப்படித்தான் சோந்து போவான். அதெல்லாம் சரியா இருந்தா மாத்தர தருவாங்க, பேச்சு வைத்தியமும் பாப்பாங்க. மாத்தர இன்னைக்கித் தின்னு நாளைக்கிக் கேக்காது. ரண்டு வாரம் ஆவும், நாலு ஆவும், சிலருக்கு ஆறும் ஆவும். மொத வாரம் வயித்தக் கொஞ்சம் பெரட்டும். உன்ற வழக்கத்துக்கு மூணாம் நாளே "சாம்பிள் ரிஜெக்ட்"னு தூக்கிக் கெடாசிராத. நல்லாயிருச்சுன்னு நீயா நிறுத்தவும் கூடாது. டாக்டருதான் கொறச்சுக் கொறச்சு நிறுத்தோணும். அடிமையாயிருவமோன்னு பயந்து கேட்டன். இது தூக்க மாத்தரை சாதி இல்லீங்க, நாலு கிளாசுக்குப் பயப்படாதவங்க இதுக்கு ஏன் பயப்படறீங்கன்னான். அப்ப நானும் கொஞ்சம் ஊத்திக்கிட்டு இருந்தன், அத வாசத்துலயே கண்டுபுடிச்சுட்டான்.

இன்னொண்ணு சொன்னான். "மனசு வந்ததும் செய்யறேன்னு இருக்காதீங்க. செஞ்சா மனசு அப்பறமா வரும்"னு. எனக்குச் சட்டுனு புரிஞ்சு போச்சு. எருது என்ன ஆசையாவா நுகத்துக்கு வருது? காத்தால பூட்டறப்ப மூக்க உருவிக்கிட்டுத்தான் நிக்கும். ரண்டு சால் ஓட்டுனப்பறம்தான் நடை வரும். நான் மொத நாளு பண்ணுனது என்ன தெரியுமா? கட்டுத்தறியக் கூட்டுனன். எருது இல்லாத கட்டுத்தறி. உங்கத்தை பைத்தியம் முத்திருச்சுன்னு நெனச்சா. மூணாவது வாரம் ரண்டு செம்மறி வாங்கியாந்து கட்டுனன். இப்ப எட்டு உருப்படி. அந்தக் கொறங்காட்டுல கிளுவ வேலிக்குள்ள உட்டா கொழுக்கட்டைப் புல்ல மேஞ்சுட்டுக் கெடக்கும். காத்தால ஆறரைக்குப் படலத் தொறக்கலீன்னா ஊரே எந்திரிக்கறாப்புல கத்தும்.

உனக்கு ஆடு வேண்டாம். அதுகளுக்கும் நீ ரிப்போர்ட்டு கேப்ப. உனக்கு வேற ஒரு சோலி வெச்சிருக்கறன்.

உன்ற செக்கிங் டேபிள்ல முப்பது வருஷமா நின்னாளே தேனிப் பக்கத்து அக்கா, கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்க முடியாமப் போயி வேலைய உட்டா. அவளும் ரிட்டயர்டு ஆளுதான். அவளுக்கு ஆரும் பலகை மாட்டி ரூம்பு குடுக்கல. அவளுக்கும் மூணரைக்கு முழிப்பு வருதோ என்னமோ, ஆரு கேட்டாங்க? நீ போ. போயி மொதல்ல காப்பி குடி, பணத்த நீட்டாத. அஞ்சு வருஷம் வேலை பாத்தா கிராஜுவிட்டி உண்டுன்னு 1972-லயே சட்டம் போட்டாங்க. அவளுக்கு வந்துச்சான்னு கேளு. பி.எப். வந்துச்சான்னு கேளு. வரலீன்னா பழைய மஸ்டர் ரோல எடு. 38 வருஷத்துல ஆரு ஆருக்கு என்ன நின்னு போச்சுன்னு பாரு. பழைய பதிவுல பாதிப் பேரு தப்பா இருக்கும், காண்ட்ராக்ட் கணக்குல பாதி மறைஞ்சிருக்கும். மவனுக்குத் தெரியாது, ஆடிட்டருக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்கும் தெரியாது. எந்தக் கைமடிப் பையன் எந்த வருஷம் எந்த ஊர்ல இருந்து வந்தான்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். மவன் மொறைப்பான். மொறைக்கட்டும். தாத்தன் சொன்னான்னு சொல்லு.

என்ன, கண்ணு இப்பத்தான் நேராப் பாக்குது. பேரு ஞாபகம் வர ஆரம்பிச்சிருச்சா? அது அப்பறம். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறன். இதுல நையாண்டி இல்ல.

போன வாரம் என்ற புள்ளகிட்ட லாக்கர் சாவியையும் எல்.ஐ.சி. கட்டையும் எடுத்துக் குடுத்து, எது எங்க இருக்குதுன்னு தெரிஞ்சு வெச்சுக்கன்னயாம். எல்லா ஊட்டுலயும் சொல்லி வெக்க வேண்டியதுதான். ஆனா நீ சொன்னது ராத்திரி ரண்டு மணிக்கு. செத்துப் போயிரலாம்னு தோணுதா மாப்ள?

கேட்டா இல்லாத நெனப்பு பூந்துக்கும்னு ஆளுக பயப்படறாங்க. அந்த டாக்டரு என்னயக் கேட்டப்ப எதும் பூந்துக்கல. இருந்தது வெளிய வந்துச்சு. தலைய ஆட்டாத, வாயால சொல்லு.

ம்.

சரி. அப்பப்பத்தான். சரி. எனக்கும் அப்பப்பத்தான்.

அழுகை வந்தா அழு. ஆடு பாக்கும், ஆருகிட்டயும் சொல்லாது. உன்ற தோட்டத்து ரூம்புல இருந்த பூச்சிமருந்து டப்பாவக் காணமேன்னு தேட வேண்டாம். இயற்கை வெவசாயத்துக்கு அது எதுக்குன்னு நாலு நாளைக்கி முந்தியே காவக்காரங்கிட்ட எடுத்தாரச் சொல்லிட்டன். அந்த நெனப்பு எந்நேரம் வந்தாலும் என்னய எழுப்பு, நான் எப்படியும் முழிச்சுத்தான் கெடப்பன். எங்கிட்டச் சொல்ல வெக்கமா இருந்தா 14416-க்குப் போடு, ஆஸ்பத்திரிச் செவுத்துல எழுதிப் போட்டிருக்கறாங்க, ராத்திரி பகல்னு இல்ல, காசில்ல, தமிழ்ல பேசலாம்.

நாளைக்கிக் காத்தால அதே கவர்மெண்டாஸ்பத்திரிக்குப் போறம். கோயமுத்தூர்ல பெரிய பெரிய டாக்டரு இருக்கறாங்கன்னு எனக்கும் தெரியும். அப்பறமாப் போய்க்க, தடை இல்ல. அங்க போனா நீ கார்ல எறங்கற மொதலாளி. டாக்டருக்கு ஏத்துமதி பத்திப் பாடம் எடுத்துட்டு, சீக்கச் சொல்லாம வந்துருவ. இங்க சீட்டு வாங்கி, பெஞ்சுல ஒக்காந்து, பேரக் கூப்புடறப்ப எந்திரிச்சுப் போவோணும். முப்பத்தெட்டு வருஷம் நீ பேரக் கூப்புட்ட. ஒருநா உன்ற பேர ஒருத்தன் கூப்புடட்டும்.

பல்லு புடுங்கப் போறம்னு நான் பொய் சொல்ல மாட்டன். எனக்குத்தான் பல்லே இல்லியே.

சரி, இருட்டாவுது. அந்த ஆணில மாட்டுன மருவாதிய எடுத்துப் போட்டுக்கறன். இன்னைக்கி இங்கயே படுத்துக்கங்க மாப்ள, கயித்துக் கட்டல் எனக்கு, பெஞ்சு உங்களுக்கு. டிரைவரக் காரோட அனுப்பி உட்டுருங்க, என்ற புள்ளைக்கும் சொல்லி உடுங்க. மாத்துத் துணிக்கு என்ற பனியன் ஒண்ணு கொடில காயுது, தையல மட்டும் எண்ணிராதீங்க. காத்தால ஏழே காலுக்கு டவுன் பஸ்சு. ரண்டு பேருக்கும் சீட்டு நீங்கதான் எடுக்கோணும், கைல சில்லறை இருக்குதுங்களா? ஐநூறு ரூவா நோட்ட நீட்டுனா கண்டக்டரு எறக்கி உட்டுருவானுங்க.